நகத்தில் ஒட்டிய தங்கம்

மே மாதம் பிறந்துவிட்டால் ஐயம்பேட்டைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை, கல்யாணப் பட்டுக்கு வருகிறவர்கள். கடைக்காரரின் லாபத்தை மிச்சம் பிடிக்க நேராகத் தறிக்கே போய்விடலாம் என்ற கணக்கில், வாலாஜாபாத் சாலையில் காரை ஓரங்கட்டி வழி கேட்பார்கள். இன்னொரு வகைக்கு வழி கேட்கத் தேவையே இல்லை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் வழவழ தாளில் அச்சடித்த கல்லூரிப் புத்தகங்கள். பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, அப்பாவின் கைபேசி எண் என்ன, வீட்டில் ஓடுவது சொந்தத் தறியா கூலித் தறியா, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எங்கே கிடைத்தது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

முதல் வகை சேலை வாங்க வருகிறது. இரண்டாவது வகை பிள்ளை வாங்க வருகிறது. விலையை மட்டும் பிள்ளையைப் பெற்றவனே கொடுக்க வேண்டும். எத்தனையோ தரகர்களைப் பார்த்த ஊர்தான். சரக்கையும் கொடுத்து விலையையும் கொடுக்கும் வியாபாரத்தை இப்போதுதான் பார்க்கிறது.

இத்தனைக்கும் லேசில் ஏமாறுகிற ஊரில்லை இது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பதினாலு வயதில் தறிக்குழியில் இறக்கிய காலை இன்னும் வெளியே எடுக்காதவர். முந்தானையை அவர் கையில் கொடுத்தால் போதும், வலது கட்டைவிரல் நகம் ஜரிகை மேல் ஒருமுறை ஓடும். மேலே தங்க முலாம், அடியில் வெள்ளி, அதற்கும் அடியில் சிவப்புச் சாயம் ஏறிய பட்டிழை. அந்தச் சிவப்பு தலைகாட்டினால் அசல். வேறு ஏதாவது எட்டிப் பார்த்தால் சேலையை மடித்துக் கொண்டுவந்தவர் கையிலேயே வைத்துவிடுவார். பட்டின் மேல் சந்தேகம் வந்தால் ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்துவார். மயிர் கருகும் வாடையும் விரலில் பொடியும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகி உருண்டையாகத் திரண்டால் பாலியஸ்டர். அரை நிமிட வேலை, அதற்கு அவர் எந்தப் பட்டமும் வாங்கவில்லை.

அந்த அண்ணன்தான் மகனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கக் கிளம்பினார். அதுதான் படிப்பு என்று முடிவு செய்தது யார் என்று கேட்காதீர்கள். பள்ளியில் சொன்னார்கள், சித்தப்பா சொன்னார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். பையனை யாரும் கேட்கவில்லை. ஜாதகத்தைப் பிள்ளையிடம் காட்டியா எழுதுகிறார்கள்?

கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, கூட்டினால் 200. இதுதான் கட்-ஆஃப். பொறியியல் சேர்க்கைக்கு 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007இல் நுழைவுத் தேர்வு போனது. 2018இல் எல்லாம் இணையவழி ஆனது. இதுவரை சொன்னதில் குறை காண எனக்கு மனமில்லை. தறிக்காரன் பிள்ளையும் டாக்டர் பிள்ளையும் ஒரே பட்டியலில் மதிப்பெண்படி நிற்பது சாதாரணக் காரியமல்ல. சாளரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. சாளரத்துக்கு அந்தப் பக்கம் விரித்திருக்கும் கடையைப் பற்றித்தான் பேச்சு.

முன்பு கலந்தாய்வென்றால் குடும்பத்தோடு கிண்டிக்குப் போவார்கள். தரகர் கேட்டுக்கு வெளியே நிற்பார். இப்போது நெட் சென்டரில் பையனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

"எதுக்கு தம்பி அது?"

"சும்மா, உள்ள போறதுக்குண்ணா."

"யாரு உள்ள போறது?"

தம்பி சிரித்தார். தன் பாவு மேல் அந்நியன் விரல் பட்டால் கையைத் தட்டிவிடுகிற அண்ணன், ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். தம்பியிடம் ஒரு தாள் இருந்தது. வரிசை எண் போட்டு எட்டுக் கல்லூரிகள், எட்டில் ஐந்து ஒரே அறக்கட்டளையுடையவை. இந்த நாட்டில் லாபத்துக்குக் கல்லூரி நடத்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால் எல்லாம் அறக்கட்டளைதான். அறம் பெயரோடு நின்றுகொண்டது, கட்டளை மட்டும் நெட் சென்டர் வரை வந்துவிட்டது. பதினைந்து நிமிடத்தில் ஒரு பையனின் நான்கு வருஷம் பூட்டப்பட்டது. அதற்கு நெட் சென்டரில் இருநூறு ரூபாய் வாங்கினார்கள்.

தம்பி கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும், சைபர் செக்யூரிட்டி, பொருள்களின் இணையம், கம்ப்யூட்டர் சயின்ஸும் பிசினஸ் சிஸ்டமும். பெயர் வைப்பதில் நாங்களும் சளைத்தவர்களல்ல. மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, வைர ஊசி என்று புட்டாவுக்கும் கரைக்கும் விதவிதமாகப் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் தறியில் புட்டா மாற வேண்டுமானால், மேலே ஜக்கார்டில் தொங்கும் அட்டைகள் மொத்தமும் மாற வேண்டும். கிராஃப் போட்டு, ஒவ்வோர் அட்டையிலும் ஓட்டை குத்தி, வரிசை பிசகாமல் கோத்துத் தொங்கவிட வேண்டும். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. ஓர் அட்டை தப்பினால் மயிலுக்குக் கழுத்து இருக்காது. கல்லூரியில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. நேற்றுவரை மெக்கானிக்கல் என்று எழுதியிருந்த கட்டடத்தில் இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்று எழுதினால் ஆயிற்று. அட்டை பழசு, போர்டு மட்டும் புதுசு. போதாததற்கு, ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பையும் 2024-25 முதல், கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ தளர்த்திவிட்டது. சிவிலும் மெக்கானிக்கலும் ஒதுங்கி நிற்க, கம்ப்யூட்டர் அரிசி ஆலை மாதிரி ஓடுகிறது.

அந்த ஓட்டை அட்டைக்கு ஒரு வம்சாவளி உண்டு. பிரான்சில் ஜக்கார்டு 1804இல் கொண்டுவந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கும் அட்டை வைக்க எண்ணினார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் அட்டையில் ஓட்டை போட்டே தலை எண்ணினார். அவருடைய கம்பெனியின் வழியில்தான் ஐபிஎம் வந்தது. கம்ப்யூட்டரின் பாட்டன் அண்ணனின் தலைக்கு மேல் பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறான். விண்ணப்பத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் அந்தத் தம்பி 'கூலி' என்று தட்டினார்.

சரி, இந்தப் புதுப் பெயர்களையெல்லாம் நடத்துவது யார்? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்ற அமைப்பு ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்கள். ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டால், 200க்கு 200 வாங்கிய பையனுக்கும் விடை வராது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரே மூர்த்தி பல தலங்களில் எழுந்தருள்வதைக் கும்பிட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் நாற்பது வருஷம் அனந்தசரஸ் குளத்தடியில் இருந்துவிட்டு மேலே வருவார். 1979இல் வந்தார், 2019இல் வந்தார். வந்தால் 48 நாள் காட்சி தருவார். இந்தப் பேராசிரியப் பெருமக்களோ ஏட்டில் மட்டும் எழுந்தருள்கிறார்கள். பெருமாளைப் பார்க்க நம்பிக்கை வேண்டும், இவர்களைப் பார்க்க அதுவும் போதாது. கோயிலிலாவது தர்ம தரிசனம் என்று ஒரு வரிசை உண்டு. இங்கே வருஷா வருஷம் பணம் கட்டியும் தரிசனம் கிடையாது.

பணம் என்றதும் நினைவு வருகிறது. அரசின் கட்டணக் குழு 2017இல் ஒரு தொகை சொன்னது. கலந்தாய்வில் வரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. குழு சொன்னது காகிதத்தில் இருக்கிறது. கவுண்டரில் வேறொரு காகிதம் இருக்கிறது: பேருந்து, ஆய்வகம், வேலைவாய்ப்புப் பயிற்சி, வளர்ச்சி நிதி. யாருடைய வளர்ச்சி என்று அதில் எழுதியிருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே செலவை ஏற்கும். அண்ணனின் மகன் அரசு உதவி பெறும் பள்ளி. 'உதவி பெறும்' என்ற இரண்டு சொல்லில் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. முதல் பட்டதாரி சலுகை கொஞ்சம் கைகொடுத்தது. மீதிக்கு அண்ணன் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்யக் கூடாது. அங்கே பையனின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. இன்னும் பல கவுண்டர்களின் காதுக்கு அது எட்டவில்லை. அப்பனைத் தறியில் கட்டிப்போட ஒரு சீட்டு, மகனைக் கல்லூரியில் கட்டிப்போட ஒரு சீட்டு. இதற்குப் பெயர் குழியிலிருந்து பிள்ளையைக் கைதூக்கி விடுவது.

எங்கள் ஊர்ப் பெயரில் அசலான ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2007இல் மத்திய அரசு காஞ்சிபுரம் என்று பெயர் வைத்தே ஓர் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது. அது இருப்பது மேலக்கோட்டையூரில். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டோடு போய்விட்டது. சேலையில் போலிக்கு எங்கள் பெயரை ஒட்டுகிறார்கள், படிப்பில் அசலுக்கு எங்கள் பெயரை ஒட்டிவிட்டு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் வாசலுக்குப் போக ஜேஇஇ எழுத வேண்டும். அதற்கான பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

என் ஆத்திரம் தரகர் மேல் இல்லை. அவர் கமிஷனுக்கு ஓடுகிறவர். என் ஆத்திரமெல்லாம் ஒவ்வொரு ஜூனிலும் தொலைக்காட்சியில் வந்து உட்காரும் அந்த அறிவுரை மேல்: "பெற்றோர் நன்கு விசாரித்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்." ஐயா, அனுமதி கொடுத்தது ஏஐசிடிஇ. ஆய்வு செய்து இணைப்புக் கொடுத்தது பல்கலைக்கழகம். கலந்தாய்வுப் பட்டியலில் சேர்த்தது அரசு. மூன்று பேரும் கண்ணாடி போட்டுப் பார்த்து முத்திரை குத்தியதைத் தறிக்குழியில் இருப்பவன் எழுந்து வந்து விசாரிக்க வேண்டுமா? 353 பேரைக் கண்டுபிடிக்க ஓர் இயக்கம் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதுவரை எதை ஆய்வு செய்தார்கள், மதியச் சாப்பாட்டையா?

சேலைக்கு இந்த நாடு எவ்வளவு காவல் போட்டிருக்கிறது, பாருங்கள். கைத்தறிக்கு ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் நெய்தால் 1985ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். 2004இல் சில்க் மார்க் வந்தது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் போலி வருகிறது. ஆனால் வந்தால் போலி என்று பெயர் சொல்லிப் பிடிக்க வழி இருக்கிறது. போலிச் சேலை விற்றால் விற்றவன் குற்றவாளி. போலிப் படிப்பு விற்றால் வாங்கியவன் விசாரிக்காத முட்டாள்.

கல்லூரி வாசலில் ஒரு சீட்டுத் தொங்கவிடுங்கள், சேலையில் தொங்குகிற மாதிரி. இந்தப் பிரிவில் சேர்ந்தவர் இத்தனை, நான்கே வருஷத்தில் தேறியவர் இத்தனை, நேரில் வந்து பாடம் நடத்துகிற ஆசிரியர் இத்தனை, வேலை கிடைத்தவருக்கு என்ன சம்பளம். நான்கே வரி. தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடத்தான் செய்கிறது. அது அண்ணன் கண்ணில் படுகிற இடத்தில் இருக்காது. வழவழ புத்தகம் மட்டும் வீடு தேடி வரும். 1978இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு யார் பெயர்? 1909இல் இதே காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் பெயர். பட்டத்தில் தறிக்காரன் பெயர், பட்டத்துக்குத் தறிக்காரன் பணம், பாடம் நடத்த மட்டும் ஆளில்லை.

தெரிந்தும் ஏன் போகிறீர்கள் என்று கேட்பீர்கள். விடியற்காலை ஐயம்பேட்டை நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பேருந்துகள் போகும். பிளஸ் டூ முடித்தவனும் பி.இ. முடித்தவனும் ஒரே பேருந்தில் ஒரே சீருடையில் ஏறுவார்கள். பட்டம் இருந்தால் பேருந்தைத் தாண்டி எங்காவது போகலாம் என்று ஒரு நப்பாசை. தறியில் அந்த நப்பாசைக்கும் இடமில்லை. லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலத்தில் எங்களுக்கு மிச்சமிருக்கிற சீட்டு இதுதான்.

சேர்க்கை நாளன்று நானும் கூடப் போயிருந்தேன். குளிரூட்டிய ஹால், ஒரு பிளாஸ்டிக் ரோஜா, ஒரு குளிர்பானம். கையில் ஒரு கோப்பு கொடுத்தார்கள், அட்டையில் கல்லூரியின் பெயர் தங்க எழுத்தில். பணம் கட்டும் வரிசையில் நின்றபடியே அண்ணன் வலது கட்டைவிரல் நகத்தை அந்த எழுத்தின் மேல் ஒருமுறை ஓட்டினார். பழக்க தோஷம். தங்கம் நகத்தோடு வந்துவிட்டது.

"என்னண்ணா?" என்றேன்.

"சிவப்பு இல்ல," என்றார்.

வரிசை நகர்ந்தது. நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து பணக்கட்டை எடுத்தார்.