கேள்வி-பதில்: ரயில் வராத சுரங்கங்கள்

லண்டன் பாதாள ரயில் சுரங்கத்துக்குள் போர்க்காலத்தில் ஃபேக்டரி நடந்ததாமே? நம்பலாமா?
- கோயம்புத்தூர் வாசகர்

தாராளமாக நம்பலாம். சென்ட்ரல் லைனைக் கிழக்கே நீட்டுவதற்காக லேட்டன்ஸ்டோனுக்கு அப்பால் இரட்டைச் சுரங்கம் தோண்டினார்கள். தண்டவாளம் போடுவதற்குள் போர் வந்துவிட்டது. மேலே இருந்த ஃபேக்டரிகள் மீது குண்டு விழுந்துகொண்டிருந்ததால், பிளெஸ்ஸி நிறுவனம் 1942இல் இந்தச் சுரங்கங்களுக்குள் குடிபுகுந்தது. நீளம் சுமார் 4 கிலோமீட்டர். அகலமோ நாலு மீட்டர்கூடக் கிடையாது. லேத் பட்டறைகளுக்குப் பேர்போன ஊரிலிருந்து கேட்கிறீர்கள், நினைத்துப் பாருங்கள்: மெஷின்களை ஒரே வரிசையில்தான் நிறுத்த முடியும். மிச்சமிருக்கும் சந்தில் ஆளும் போக வேண்டும், சரக்கும் போக வேண்டும். சரக்குக்கென்று உள்ளேயே குட்டி ரயில் ஓட்டினார்கள். விமானங்களுக்கான மின்சாதனங்களும் உதிரி பாகங்களும் இங்கே தயாராயின. வேலை பார்த்த சுமார் 2,000 பேரில் பெரும்பாலோர் பெண்கள். போர் முடிந்ததும் மெஷின்களைக் கழற்றினார்கள். 1947 டிசம்பரில் அதே சுரங்கத்தில் ரயில் ஓடியது. வான்ஸ்டெட், ரெட்பிரிட்ஜ், கான்ட்ஸ் ஹில் வழியாகப் பயணம் செய்தால் நீங்கள் கடப்பது அந்தப் பெண்கள் வேலை பார்த்த இடத்தைத்தான்.

சர்ச்சில் ரயில்வே ஸ்டேஷனில் தூங்கினாரா?
- மதுரை வாசகி

தூங்கினார், 1940 கடைசியில். பிக்காடிலி லைனில் டவுன் ஸ்ட்ரீட் என்ற நிலையம், 1907இல் திறந்தது. கூட்டம் வராததால் 1932இல் மூடிவிட்டார்கள். போர் வந்ததும் நாட்டின் ரயில்களை நடத்திய குழு அங்கே அலுவலகம் போட்டது. நடைமேடையில் சுவர் எழுப்பி அறைகள் கட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பயணிகள் ரயில் வழக்கம்போல ஓடியது. கொஞ்சூண்டு நடைமேடையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதிகாரிகள் ரயிலை நிறுத்தி, ஓட்டுநர் அறையில் ஏறிப் போவதற்கு.

அருங்காட்சியகப் பொருட்களையும் சுரங்கத்தில்தான் ஒளித்தார்களா?
- கும்பகோணம் வாசகர்

ஆமாம், இரண்டு போரிலும். முதல் போரில் ரொசெட்டா கல், தபால் துறை கடிதங்களுக்காகத் தோண்டிய குட்டி ரயில் சுரங்கத்துக்குப் போனது. இரண்டாம் போரில் பார்த்தினான் சிற்பங்கள் ஆல்ட்விச் சுரங்கத்தில் பத்திரமாக இருந்தன.

சுரங்கத்தில் ஒதுங்கியவர்கள் எல்லோரும் பிழைத்தார்களா?
- நாகர்கோவில் வாசகி

இல்லை. பெத்னல் கிரீன் நிலையத்தை மறக்கக் கூடாது. 1943 மார்ச் 3 இரவு அபாயச் சங்கு ஊதியது. மக்கள் படியிறங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் சீறின. கேட்டறியாத சத்தம். மழையில் நனைந்த படி, ஒரே ஒரு மங்கல் பல்பு, நடுவில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. கீழே ஒருவர் விழ, அவர் மேல் அடுத்தவர், அடுத்தவர். 173 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. அந்த வாசலைச் சீரமைக்க உள்ளூராட்சி 1941லேயே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியும், வீண் செலவென்று மேலிடம் மறுத்திருந்தது. அந்தக் கடிதங்களை மூடி மறைத்து, மக்களின் பதற்றத்தின் மேல் பழியைப் போட்டார்கள். கைப்பிடிக் கம்பி ஒன்று போட்டிருந்தால் போதும். இதை நான் விபத்து என்று சொல்ல மாட்டேன்.

முதல் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் அமெரிக்காவின் எனியாக்தானே?
- சென்னை வாசகர்

அப்படித்தான் ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். எனியாக்கை உலகுக்குக் காட்டியது 1946இல். எந்தக் கணக்கையும் போடக்கூடிய பொதுக் கணினி என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் 1944 தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் கொலாசஸ் வேலை செய்தது. ஜெர்மன் தளபதிகளின் லோரென்ஸ் ரகசியச் செய்திகளை உடைக்க மட்டுமே செய்த இயந்திரம் அது. கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ், கொத்தனார் மகன், தபால் துறை டெலிபோன் இன்ஜினீயர். ஆயிரத்துக்கு மேல் வால்வு வைத்தால் நாளுக்கொன்று புகையும் என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். அணைத்து அணைத்துப் போடுவதால்தான் வால்வு கெடுகிறது, அணைக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் எரியும் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் அவர் கண்ட அனுபவம். சுமார் 1,600 வால்வுகளோடு கட்டி முடித்தார். துளையிட்ட காகித நாடாவை நொடிக்கு 5,000 எழுத்து வீதம் படித்தது.

போர் முடிந்ததும் வரைபடங்களை எரிக்கச் சொன்னார்கள். தன் கையாலேயே பாய்லர் அடுப்பில் போட்டார். பிறகு இதேபோல் ஒரு கணினி செய்ய வங்கியில் கடன் கேட்டார். அப்படியொரு இயந்திரம் வேலை செய்யாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஏற்கெனவே செய்தாயிற்று என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. 1970களில்தான் ரகசியம் வெளியே கசிந்தது. ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

இந்தப் போர்க்காலப் பொறியியலில் தமிழர்கள் எங்கே?
- கிள்ளான் வாசகர், மலேசியா

உங்கள் ஊர்த் தோட்டங்களிலிருந்தே போனார்கள், சயாம் மரண ரயிலுக்கு. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட பாதை, 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அங்கே செத்த சுமார் 12,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. காஞ்சனபுரியில் இன்றும் பராமரிக்கிறார்கள். ஆசியக் கூலிகள் செத்தது அதைப்போலப் பல மடங்கு. மலாயாத் தமிழர்கள் அதில் பெருந்தொகை. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சயாமுக்குப் போனவரைப் பற்றிச் சொல்ல வீட்டில் இன்னும் ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். போனவரின் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார், திரும்பினாரா என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். இந்தப் பகுதியில் அச்சிடுகிறேன்.