ஷிஃப்ட் வீரர்

உத்திரமேரூர் பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் இரண்டு வகை ராணுவத்தாரைப் பார்க்கலாம். முதல் வகை, எல்லையில் நின்று ஓய்வு பெற்றவர். டீயைக் குடித்துவிட்டு, சில்லறையை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். எந்த மலையில் எத்தனை வருஷம் நின்றார் என்பதை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. இரண்டாம் வகை, ராணுவத்தில் இருந்தவருடைய சிநேகிதர். அவர் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்.

நம்மாள் இரண்டாம் வகை. இவர் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்தவர். வந்து வருஷக்கணக்கில் ஆகியும் ஊருக்கு இன்னும் அவர் 'சிங்கப்பூரார்'தான். அங்கே கூட வேலை பார்த்த உள்ளூர்த் தமிழர்தான் ராணுவத்தில் இருந்த அந்தச் சிநேகிதர். அந்த நாட்டில் 1967 முதல் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவ சேவை. இரண்டு வருஷ முழுநேர சேவை முடிந்தாலும் விடமாட்டார்கள். அப்புறம் பத்து வருஷப் பயிற்சிச் சுற்று இருக்கிறது. வருஷத்துக்கு 40 நாள் வரை கூப்பிடலாம். சிப்பாய் என்றால் 40 வயது வரை, அதிகாரி என்றால் 50 வரை பெயர் பட்டியலில் நிற்கும். 'ரிசர்விஸ்ட்' என்பார்கள். பர்மிட்டில் போன நம்மாளுக்கு இதில் எதுவும் கிடையாது. அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

"நாங்க ரிசர்விஸ்ட் போனப்போ இன்னா மழை தெரியுமா!"

"போனது யாருணா?"

"அவன் போனான். அவன் ஷிஃப்டை எவன் பார்த்தான்?"

கேள்வி நியாயமானது. சிநேகிதர் இரண்டு வாரம் காட்டில் குழி தோண்டினால், இவர் பகலில் தன் ஷிஃப்டையும் ராத்திரியில் அவர் ஷிஃப்டையும் பார்த்தார். நடுவில் ஈசூனில் இருந்த சிநேகிதரின் அம்மாவுக்கு அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போனார். வீட்டுத் தொட்டி மீன்களுக்குத் தீனி போட்டார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். அந்த இரண்டு வாரத்துச் சேதம் ஒரே ஒரு மீன். அது தீனி அதிகமானதால் வீர மரணம் அடைந்தது.

ஒருவகையில் இவருக்குச் சொந்தமான ஒன்று முகாமுக்குள் போய்த்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேமரா உள்ள போனை ராணுவ முகாமுக்குள் விடமாட்டார்கள். சிநேகிதர் இவருடைய பழைய பட்டன் போனை இரவல் வாங்கிப் போவார். இன்று அந்த போன் இவர் வீட்டு அலமாரியில், சுவாமி படத்துக்குக் கீழ்த்தட்டில் ஓய்வில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தொடக்கூடாது.

கதைகளில் உச்சம், ஆள் திரட்டும் ஒத்திகை. ரிசர்விஸ்ட்களை உடனே வரச் சொல்லும் குறிச்சொற்களை அங்கே டிவியிலும் ரேடியோவிலும் சினிமா தியேட்டர் திரையிலும்கூட அறிவிப்பார்கள். இருவரும் ஒரு ரஜினி படத்துக்குப் போயிருந்தபோது, படம் ஆரம்பிப்பதற்குள் சிநேகிதரின் படைக்கு அழைப்பு வந்துவிட்டது. "எழுந்து ஓடிட்டான்பா. முழுப் படத்தையும் அவனுக்கும் சேத்து நான் ஒருத்தனே பார்த்தேன்" என்று தொண்டை கமறச் சொல்வார்.

சிங்கப்பூர் ராணுவத்தில் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் இருக்கும். சிநேகிதர் சொல்லக் கேட்ட நாலு கட்டளைகளை வைத்துக்கொண்டு இவர் ரேஷன் கடை வரிசையை ஒழுங்குபடுத்துவதுண்டு. மண்ணெண்ணெய் கேனுடன் நிற்கும் பாட்டிகளுக்கு மலாய் தெரியாது. அதனால் இதுவரை கலகம் எதுவும் நடக்கவில்லை.

ஒருநாள் ஒரு பையன் நம் நாட்டில் இப்படி ஏதும் இல்லையா என்று கேட்டுவிட்டான். ஏன் இல்லை? டெரிட்டோரியல் ஆர்மி என்கிற பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபரில் ராஜாஜிதான் தொடங்கி வைத்தார். வேறு தொழில் செய்துகொண்டே சேரலாம், கட்டாயம் கிடையாது. கோயம்புத்தூரிலேயே அதன் பட்டாலியன் ஒன்று இருக்கிறது. இத்தனையும் சிங்கப்பூரார் ஒப்பித்தார்.

"அப்போ நீங்க ஏன் சேரலணா?"

"நான் போய்ட்டா என் ஷிஃப்டை இங்க யாருடா பாக்கறது?"

வெளியூர்க்காரர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வந்தால் இவருக்குக் கொண்டாட்டம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகளை விளக்குவார். வாரிய உறுப்பினருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. "பாத்தீங்களா, சிங்கப்பூர்ல 40லயே போதும்னு அனுப்பிடறான். நம்ம ஊர்ல 35லதான் ஆரம்பமே!" அப்போது டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தார். "கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாதுன்னும் அதுல எழுதியிருக்குணா. நம்ம டீக் கணக்கு எப்போ?" சிங்கப்பூரார் அன்று வழிகாட்டும் பணியிலிருந்து சீக்கிரமே விடைபெற்றார்.

சிரிக்கலாம்; ஆனாலும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. முகாமுக்குப் போனவரின் சம்பளத்தை அந்த நாட்டு அரசாங்கம் ஈடுகட்டிவிடும். அவருடைய வேலையையும் சேர்த்து இழுத்த வெளியூர்க்காரருக்கு ஓவர்டைம் உண்டு. பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. கிடைக்காத பதக்கத்தைத் தானே சட்டையில் குத்திக்கொள்கிறார். குத்திக்கொள்ளட்டும், யாருக்கு நஷ்டம்? நீங்கள் உத்திரமேரூர் வந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கதையைக் கேளுங்கள். வந்தவாசிக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மட்டும் தயவுசெய்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.