நிலையாமை உபதேசிக்கும் சம்மேளனத்துக்கு ஒரு விண்ணப்பம்

புதுதில்லியைச் சேர்ந்த துவாரகையில் எழுந்தருளியிருக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகஸ்தர்கள் சமூகத்துக்கு, ஒரு ரசிகன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நாங்கள் க்ஷேமமாக இல்லை. அவ்விடம் தாங்கள் யாவரும் பரம சௌக்கியமாக, வகித்த ஆசனங்களில் வழுவாமல் வீற்றிருக்கிறீர்கள் என்பதைப் பத்திரிகைகள் வாயிலாக அறிந்து மிகவும் சந்தோஷம்.

2025 நவம்பர் 18-ஆம் தேதி இரவு டாக்காவில் நம் தேசிய அணி வங்கதேசத்திடம் 0-1 என்ற கணக்கில் தோற்றதைக் குறித்துத்தான் இக்கடிதம் வருகிறது என்று தாங்கள் ஊகித்து, உறையைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட வேண்டாம். 22 வருஷங்களாக நம்மை வெல்ல முடியாதிருந்த அணி, ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் நம் பின்வரிசையைக் கடந்து ஒரு கோலைப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த நேரம் முழுவதும் அந்த ஒன்றையே புதையல்போலக் காத்துக்கொண்டு நின்றது. காப்பது என்றால் என்ன என்பதை அன்று எதிரணியினிடம் பார்த்துத் தெரிந்துகொண்டோம். என் சிநேகிதர்கள் தங்களை வாய்க்கு வந்தபடி தூஷித்தார்கள். எனக்கோ அந்தத் தூஷணைகளுக்கு நடுவிலே ஒரு தெளிவு பிறந்தது. தாங்கள் நடத்திவருவது விளையாட்டு நிர்வாகமே அன்று. தோன்றியதெல்லாம் மறையும், வந்ததெல்லாம் போகும் என்ற நிலையாமைத் தத்துவத்தை இந்தத் தேசத்து மக்களுக்குப் பந்தின் மூலமாக உபதேசிக்கும் ஒரு மடம் என்பதே அந்தத் தெளிவு. சிஷ்யன் என்ற முறையில் நான் கற்ற பாடங்களைத் தங்கள் சன்னிதானத்தில் ஒப்பிக்க உத்தரவு கொடுக்கவேண்டும்.

முதற்பாடம், பின்வரிசை பற்றியது. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் மலேசியாவுடன் ஆடியபோது, கோல்கீப்பர் தம் இடத்தை விட்டு வெகுதூரம் ஓடி வந்து பந்தைத் தவறவிட, பாலோ ஜோசுவே என்பவர் ஆளில்லாத வலைக்குள் அதை நிதானமாக அனுப்பி வைத்தார். 2025 ஜூனில் ஹாங்காங் நகரிலே, ஆட்டம் கோலின்றி முடிந்தது என்று நாங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த உபரி நேரத்தில், மற்றொரு கோல்கீப்பர் பந்தைக் குத்தப் புறப்பட்டு எதிராளியைக் குத்தியதனால் பெனால்டி வழங்கப்பட்டு, அதனாலேயே தோல்வியும் வந்தது. அக்டோபரில் கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் சிங்கப்பூருக்கு எதிராகச் சாங்தே முதலில் கோல் போட்டு நம்மை முன்னிலையில் நிறுத்தினார். இடைவேளைக்குச் சற்று முன்பு ஒன்றும் பின்பு ஒன்றுமாகச் சோங் உய்-யோங் இரண்டு கோல்களைப் போட, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. முன்னிலையும் நிலையன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சித்தரும் சொன்னதில்லை.

இரண்டாம் பாடம், ஜோதிடம். 2022 ஜூனில் ஆப்கானிஸ்தானுடன் நடந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, அன்றைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், உத்தேச ஆட்டக்காரர்களின் பட்டியலைத் தில்லியிலுள்ள ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, கிரக நிலை எவருக்கு அனுகூலம் என்று கேட்டறிந்தார் என்றும், ஜோதிடருக்குச் சம்மேளனத்திலிருந்து 12 முதல் 15 லட்சம் ரூபாய் வரை கொடுக்கப்பட்டது என்றும் 2023 செப்டம்பரில் பத்திரிகைகள் எழுதின. 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியின் பின்வரிசையில் நின்ற ஒருவரையே நவக்கிரகங்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திய பெருமை தங்களுடையது. செய்தியைப் படித்த உலகம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, கணக்குப் பார்த்தேன். அந்த ஜூன் மாதம் கல்கத்தாவில் நாம் ஆடிய மூன்று ஆட்டங்களில் கம்போடியாவை 2-0 என்றும், ஆப்கானிஸ்தானை 2-1 என்றும், ஹாங்காங்கை 4-0 என்றும் வென்றோம். எட்டு கோல் போட்டு ஒன்றே ஒன்று வாங்கினோம். மூன்று வருஷம் கழித்து, ஜோதிடரின்றி, அதே ஹாங்காங்கிடம் தோற்றோம். எனவே சனி பகவான் நம் இடது பின்வரிசையை எத்தனை காலம் பீடிப்பார் என்பதை உள்ளபடி கணிக்கக்கூடிய ஒருவரைத் தாங்கள் இழந்திருக்கிறீர்கள் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

இவ்விடத்தில் தங்கள் சித்தாந்தத்துக்கு நேர்ந்துவிட்ட ஓர் அபசாரத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஸ்டிமாச்சைத் தாங்கள் 2019 முதல் ஐந்து வருஷம் தொடர்ந்து வைத்திருந்தீர்கள். ஒரே மனிதர் ஒரே வேலையை அத்தனை காலம் பார்த்ததன் விபரீத பலன் 2023-ஆம் வருஷம் வெளிப்பட்டது: இம்பாலில் மும்முனைப் போட்டி, புவனேசுவரத்தில் ஒரு கோல் கூட வாங்காமல் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் தெற்காசியக் கோப்பை என்று அடுத்தடுத்து வென்று, உலகத் தரவரிசையில் 99-ஆம் இடத்துக்கு ஏறிவிட்டோம். நல்ல வேளையாகத் தாங்கள் விழித்துக்கொண்டீர்கள். ஆசியக் கோப்பைக்கு முன்னால் நீண்ட முகாம் வேண்டும் என்று அவர் கேட்டது கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் கத்தாருக்குச் சென்று மூன்று ஆட்டங்களில் ஆறு கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் திரும்பினோம். அதன்பின் 2026 வரை ஒப்பந்தம் இருந்தவரை 2024 ஜூனில் அனுப்பிவைத்து, அதற்கு நஷ்டஈடும் கொடுத்து, தத்துவத்தை மீண்டும் ஸ்தாபித்தீர்கள்.

அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் விஷயத்தில் தங்கள் சாதுரியம் உச்சத்தை எட்டியது. கோவா கிளப்பின் பயிற்சியாளராக இருந்த அவரையே, அந்த வேலையையும் பார்த்துக்கொண்டு தேசிய அணியையும் பார்க்கும்படி நியமித்தீர்கள். ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்பவரிடம் போய், எதிராளி கார்னர் அடிக்கும்போது யார் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று கேட்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி. எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த 40 வயது சுனில் சேத்ரியைத் திரும்ப அழைத்துத்தான் அந்த ஒன்றும் கைகூடியது. தமது கடைசி ஆட்டத்தை ஆடி, கண்ணீருடன் விடைபெற்றுப் போனவரையே மறுபடி களத்துக்கு இழுத்து வந்ததிலிருந்து, துறவறமும் நிலையன்று என்ற நுட்பத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டோம்.

மார்க்கேஸ் விலகியதும், காலியான இடத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் பார்சிலோனாவின் புகழ்பெற்ற சாவியின் பெயரும் இருந்தது என்று தங்கள் தரப்பிலிருந்தே வெளிவந்த செய்தியும், அவருக்குக் கொடுக்கும் அளவுக்குப் பணமில்லாமையால் அவர் பரிசீலிக்கப்படவில்லை என்ற செய்தியும் உலகமெல்லாம் பரவியபின், அந்த மின்னஞ்சல் அவர் அனுப்பியதே அன்று, அதோடு வந்த குவார்தியோலாவின் விண்ணப்பமும் அப்படிப்பட்டதே என்று அறிவித்தீர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இல்லாத விண்ணப்பத்தைச் செலவு அதிகம் என்ற காரணத்துக்காக நிராகரித்த சிக்கனத்தை வேறெந்தத் தேசத்துச் சம்மேளனத்திலும் காணமுடியாது. கடைசியில் 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமனம் ஆனார். பல வருஷங்களுக்குப் பிறகு ஓர் இந்தியருக்கு அப்பதவி கிடைத்தது என்று மகிழ்ந்த கையோடு, அவர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய லீக்கையே காணாமற்போகச் செய்துவிட்டீர்கள்.

ஏனென்றால், தங்கள் வர்த்தக உரிமைகளைக் குறித்து 2010-இல் எழுதிய 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடியப்போகிறது என்பது, எழுதிய நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அதற்கு அப்பால் என்ன என்று எவரும் நிச்சயம் பண்ணவில்லை. ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. டெண்டர் விட்டீர்கள், நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சில கிளப்புகள் பயிற்சியை நிறுத்தின; டாக்கா ஆட்டம் நடந்த நாள்வரை லீக் ஆரம்பமாகும் நாள் தெரிந்திருக்கவில்லை. ஆட்டமே ஆடாதிருந்தவர்களைத் திரட்டி டாக்காவுக்கு அழைத்துப் போய் அங்கே நிலைகுலையாமல் நிற்கச் சொன்ன தங்கள் நம்பிக்கையை எப்படிப் புகழ்வது! இந்தியாவுக்காக ஆடவேண்டும் என்று ஆஸ்திரேலியக் குடியுரிமையையே துறந்து வந்த ரையன் வில்லியம்ஸையும் அங்கே அழைத்துச் சென்று, அனுமதிக் காகிதம் வந்து சேராத காரணத்தால் ஆடவிடாமல் உட்கார்த்தி வைத்தீர்கள். சகலத்தையும் துறந்தவனுக்கும் ஒரு காகிதம் பாக்கி இருக்கும் என்பது எந்த உபநிஷத்திலும் காணாத போதனை.

இத்தனைக்கும் நடுவே 2022 ஆகஸ்டில் உலகச் சம்மேளனம் தங்களைப் பதினோரு நாள் சஸ்பெண்ட் செய்ததையும், தங்கள் சட்டதிட்டங்களைச் சீர்திருத்தும் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டிலே வருஷக்கணக்கில் கிடந்து 2025-இல்தான் கரையேறியதையும் நினைக்கும்போது, தங்களுக்குக் கால்பந்துக்கும் சற்று நேரம் கிடைத்ததே பெரிது என்று தோன்றுகிறது.

இனி, சிஷ்யனுடைய சந்தேகம் ஒன்றைத் தெரிவித்துக்கொள்ள அனுமதி கோருகிறேன். நிலையாமைக்கு முற்றிலும் விரோதமான வித்தை ஒன்று உலகில் உண்டென்றால், அது பின்வரிசையில் நின்று கோலைக் காக்கும் வித்தைதான். எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்க நால்வரும் ஒரே கணத்தில் ஓரடி முன்னே வரவேண்டும். ஒருவர் அரைக்கணம் தயங்கினாலும் மற்ற மூவரின் சாமர்த்தியமும் வீண். ஸ்ரீபாதந்தாங்கிகள் பல்லக்கைத் தோளில் ஏற்றும்போது ஒருவருடைய அடி மற்றவருடைய அடியோடு பேசாமலே ஒத்துப்போவது, நால்வரும் அதே தெருக்களில் அதே சுவாமியைப் பல உற்சவங்கள் சுமந்ததனால்தான். நாளுக்கொரு ஆளாக மாற்றினால் சுவாமி சாய்ந்துவிடுவார். பந்தைக் கோலுக்குள் அடிக்க ஒருவனுடைய மேதை ஒரு கணம் போதும். காப்பதற்கோ பழக்கம் வேண்டும். பழக்கத்துக்கு லீக் வேண்டும், முகாம் வேண்டும், முழுநேரப் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும், அடுத்த வருஷமும் இதே இடத்தில் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும்.

இது எனது கற்பனை அன்று. ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் 1950 முதல், 1963-இல் புற்றுநோய்க்கு இரையாகும் வரை, இந்த அணியைப் பழக்கினார். 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962-இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். அந்த ஜகார்த்தாவில் அவர் செய்த காரியத்தைத் தாங்கள் அறிந்திருக்கலாம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குப் போட்டியின் நடுவில் தலை உடைந்து தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை உட்காரவைக்கவில்லை; பந்தைத் தலையால் முட்டித் தடுக்க வேண்டியவரை முன்வரிசைக்கு மாற்றி, கோல் போடும்படி சொன்னார். அரையிறுதியிலும் ஜர்னைல் கோல் போட்டார், இறுதி ஆட்டத்திலும் போட்டார். உடல்நலமில்லாதிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜ் வலையைக் காக்க, அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். துணிச்சலான மாறுதல் என்றால் அது. ஆனால், பத்து வருஷத்துக்கு மேலாக இந்த அணியின் நாடியைப் பிடித்துப் பார்த்து வந்தவர் செய்த மாறுதல் அது. அவரவர் இடத்தை ஒவ்வொருவரும் நன்கு அறிந்திருந்த அணியில்தான் ஓர் ஆளை இடம் மாற்றி அற்புதம் விளைவிக்க முடியும். யாருக்கும் இடம் நிச்சயமில்லாத அணியில் ரஹீமே வந்து நின்றாலும், யாரை எங்கிருந்து எங்கே மாற்றுவார்? அவருடைய ஊரான ஹைதராபாத்திலேயேதான் அந்த மலேசியப் பந்து காலியான வலைக்குள் உருண்டு போயிற்று என்பதையும் நினைவூட்டிக்கொள்கிறேன்.

எனவே என் விண்ணப்பங்களாவன: தத்துவத்தைக் கைவிட மனமில்லையாயின், அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நிலையாமையை ஆட்டக்காரர்களிடமிருந்தும், பயிற்சியாளரிடமிருந்தும், லீக்கிடமிருந்தும் வாங்கி நிர்வாகஸ்தர்களுக்கு மாத்திரம் உரியதாக்கி, நிலைபேற்றை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த லீக்கின் முதல் நாளையும் கடைசி நாளையும் முன்கூட்டியே அச்சிட்டு, அச்சிட்டபடி நடத்துங்கள். காலித் ஜமீலை ஒரு தோல்விக்காகவோ இரண்டு தோல்விகளுக்காகவோ அனுப்பாமல், அவர் தேர்ந்தெடுக்கும் நால்வரும் சேர்ந்து நூறு தவறுகள் செய்து, நூற்றோராவது தவறைச் செய்யாமல் கற்றுக்கொள்ளும் காலம்வரை வைத்திருங்கள். இவையெல்லாம் செலவு பிடிக்கும் காரியங்கள் என்று தோன்றினால், ஜோதிடரையாவது திரும்ப அழையுங்கள்; அவர் கணக்கு மோசமில்லை.

தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கும்,
தங்கள் விதேயன்,
ஒரு ரசிகன்.

பின்குறிப்பு: பதிலைத் தயவுசெய்து ரிஜிஸ்தர் தபாலில், முத்திரையுடன் அனுப்பவும். மின்னஞ்சலில் வந்தால் அது தங்களிடமிருந்து வந்ததுதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, தங்களுக்கும் தெரியாது.