ஹவுஸும் கிரீனும்

மருத்துவக் கல்லூரி விடுதியில் 'ஹவுஸ்' தொடரை டிவிடியில் போட்டுப் பார்ப்போம். 2004 முதல் 2012 வரை அமெரிக்காவில் ஓடிய மருத்துவத் தொடர். ஹ்யூ லாரி நடித்த கிரெகரி ஹவுஸ்தான் எங்கள் நாயகன். முதலில் ஒரு நோயைச் சொல்வார், மருந்து ஏறும், நோயாளிக்கு வலிப்பு வரும், இல்லையென்றால் சிறுநீரகம் பழுதாகும். அடுத்து இன்னொரு நோய். அதுவும் தப்பு. கடைசியில், யாரோ எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பொறி தட்டும். நோயாளி பிழைத்ததும் முந்தைய தப்புகள் எல்லாம் எங்களுக்கு மறந்துபோகும். அறிவாளியின் தவறு விடைக்குப் போகும் படி என்றே நம்பினோம். வார்டில் எரிந்துவிழும் சீனியர்கள்கூட அந்த நாட்களில் மேதைகளாகத் தெரிந்தார்கள்.

'இ.ஆர்.' தொடரின் 1995ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றையும் அப்போதுதான் பார்த்தோம். டாக்டர் மார்க் கிரீன் பொறுமையானவர், கெட்டிக்காரர். அடிக்கடி சிறுநீர் போகிறது என்று வந்த கர்ப்பிணியை, சிறுநீர்த் தொற்று என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அவளுக்கு இருந்தது கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீ-எக்ளாம்ப்சியா. வலிப்பு வருகிறது. குழந்தை பிழைக்கிறது, தாய் பிழைக்கவில்லை. எழுதிய லான்ஸ் ஜென்டைல் அவசர சிகிச்சை மருத்துவரும்கூட. எங்களுக்கோ சப்பென்று இருந்தது. இவ்வளவு சாதாரணத் தவறில் என்ன கதை இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

இன்று நான் மகப்பேறு மருத்துவர். ஹவுஸ் கண்டுபிடித்த அபூர்வ நோய்கள் என் வார்டுக்கு வந்ததில்லை. கிரீன் தவறவிட்ட நோய் வந்துகொண்டே இருக்கிறது. ரத்த அழுத்தம் 140/90ஐத் தொடுகிறதா, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க மேதை வேண்டியதில்லை. தலைவலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் வேண்டும். மெக்னீசியம் சல்பேட் போட்டால் வலிப்பு வரும் அபாயம் பாதிக்கும் மேல் குறைகிறது. 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று அதை உறுதிசெய்தது. ஆனால் ஊசி போட, முதலில் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

'ஹவுஸ்' தொடரும் ஒருமுறை இதைத் தொட்டது. 2005இல் வந்த அத்தியாயத்தில், தந்தை இறந்த செய்தி கேட்டு நிலைகுலைந்த, ஹவுஸின் குழுவைச் சேர்ந்த டாக்டர் சேஸ், வயிற்றுவலி என்று வந்த பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிடுகிறார். அவள் இறந்துபோகிறாள். அந்தத் தொடரிலேயே மிக நேர்மையான கதை அதுதான் என்பேன்.

இங்கே ஒரு தாய் இறந்தால் ஆட்சியர் முன்னிலையில் ஆய்வுக் கூட்டம் உண்டு. இறந்தவளின் உறவினரையும் அழைக்க வேண்டும் என்பது விதி. கடைசியாக பி.பி. எப்போது பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பினீர்கள் என்றுதான் அங்கே கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத் தெரிந்தவர் ஒருவர் தமிழில் ஒரு மருத்துவத் தொடர் எழுத வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.