சற்றே பிந்திய சங்கச் செய்திகள்

எங்கள் மனிதவளச் சங்கத்தின் செய்திமடலில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதாம். விளம்பரம் தருவதாகச் சொன்ன கடைக்காரர் கைவிரித்துவிட்டார். "மாத்தளையில் மனிதவளத் துறை வளர்ந்த கதையை எழுதித் தாங்களேன், நல்ல விஷயமாப் பார்த்து" என்றார் செயலாளர். அந்தக் கடைசி மூன்று சொற்களில்தான் சிக்கல். தோண்டத் தோண்டச் செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான் வரமாட்டேன் என்கிறது. ஆகவே கிடைத்ததைக் கிடைத்தபடியே தருகிறேன். செய்திகள் கொஞ்சம் பிந்திவிட்டன. மூத்தது 1,500 வருடம் பிந்தியது.

அது சீகிரியாவிலிருந்து. பலரும் அனுராதபுரத்துக்குத் தாரைவார்த்துவிட்டாலும் அந்தப் பாறை நம் மாவட்டத்துச் சொத்து. தாதுசேன மன்னரின் சேனாதிபதி மிகாரன், மன்னரின் சகோதரி மகன், மருமகனும் அவனே. உறவுக்காரனுக்கு உத்தியோகம் கொடுப்பது அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது. அவன் ஒருநாள் மனைவியைச் சவுக்கால் அடித்தான். முறைப்பாடு நேரே மாமனாரிடம் போனது. விளக்கக் கடிதம் கேட்கவில்லை, விசாரணைக் குழு கூடவில்லை. மன்னர் மிகாரனின் தாயை, அதாவது தன் கூடப் பிறந்தவளையே எரித்துவிட்டார் என்கிறது பழைய வரலாற்று நூலான சூளவம்சம். குற்றம் ஒருவன் செய்ய, தண்டனை இன்னொருத்திக்கு. கொதித்துப்போன மிகாரன், பட்டத்தரசி வயிற்றில் பிறக்காததால் பதவி உயர்வுக்கு வழியில்லாமல் முகம் கறுத்திருந்த மன்னரின் மகன் காசியப்பனோடு சேர்ந்தான். மனக்குறையுள்ள இருவர் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்க ஆரம்பித்தால் முகாமையாளர் விழித்துக்கொள்ள வேண்டும். தாதுசேனர் விழிக்கவில்லை. அவரை உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார்கள்.

477இல் பொறுப்பேற்ற காசியப்பன் தலைமைக் கந்தோரைப் பாறை உச்சிக்குக் கொண்டுபோனான். மேலதிகாரியைப் பார்க்க மூச்சு வாங்க ஏறவேண்டும் என்ற ஏற்பாடு அன்றிலிருந்துதான். 18 வருடம் கழித்து இந்தியாவிலிருந்து தம்பி முகலன் படையோடு வந்தபோது, காசியப்பனின் யானை சேற்று நிலத்தைக் கண்டு சற்றே விலகித் திரும்பியது. தலைவரே கிளம்பிவிட்டார் என்று நினைத்த படை, சொல்லாமல் கொள்ளாமல் கலைந்தது. ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் போதும். காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். எங்கள் துறையில் இதை உள்ளகத் தொடர்பாடல் குறைபாடு என்போம்.

அடுத்த செய்தி 1848இலிருந்து. இடையில் ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்காதீர்கள், இருப்பது ஒரு பக்கம்தான். தேசாதிபதி டொரிங்டன் பிரபு நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டுக்கொண்டே வந்து, 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்கள் எல்லாரும் வருடத்தில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், முடியாதவர் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்று ஒரு சட்டமும் கொண்டுவந்தார். சம்பளம் வாங்காமல் வேலை செய், இல்லையென்றால் வேலை செய்யாததற்கு நீ எனக்குச் சம்பளம் கொடு! இதைவிடச் சிக்கனமான ஆட்சேர்ப்புத் திட்டத்தை நான் எந்தப் பட்டறையிலும் கேள்விப்படவில்லை.

மாத்தளைக்காரர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள். ஜூலை கடைசியில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடிக்கொண்டார். அவரோடு நின்ற புரன் அப்பு முதலானோர் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கினார்கள், வரிப் பதிவேடுகள் சிலவும் அழிந்தன. (தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க: எங்கள் கச்சேரியில் பாட்டு இல்லை, அது அரசாங்கக் கந்தோர்.) ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டார்கள். எல்கடுவையில் பிடிபட்ட பண்டாவுக்குத் தூக்கைக் குறைத்துக் கசையடியும் மலாக்காவுக்குக் கட்டாய இடமாற்றமும் கொடுத்தார்கள். லண்டனில் விசாரணை நடந்து 1850இல் டொரிங்டனும் திருப்பியழைக்கப்பட்டார். அவருக்குக் கசையடி இல்லை. தர வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கண்டிச் சிங்களவர் தெருவுக்கே இப்படி என்றால் கோப்பித் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாகவா வரப்போகிறார்கள்? வரவில்லை. அப்போதுதான் எங்கள் தொழிலின் குலதெய்வம் தோளில் ஒரு துண்டும் மடியில் ஒரு துண்டுமாக மேடைக்கு வருகிறார்.

கங்காணி. கண்காணி என்ற சொல்தான் தேய்ந்து இப்படி ஆனது. துரையிடம் முற்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் வந்து நிற்பதே பாதி விளம்பரம். மழை பொய்த்த ஊரில், கடன் முற்றிய வீட்டில், சொந்தக்காரனையும் சொந்தக்காரனின் சொந்தக்காரனையும் கூட்டுவார். தேங்காயும் மாசிக் கருவாடும் விளையும் மலை என்று சொன்னதாகப் பாட்டிமார் சொல்வார்கள். வேலை விளம்பரத்தில் உண்மை எழுதும் வழக்கம் எங்கள் துறையில் எப்போதுமே இருந்ததில்லை. ஊர்க்கடன் அடைத்த காசு, வழிச்செலவு, சோற்றுக்காசு எல்லாம் ஆளின் பேரில் பற்று எழுதப்படும். இப்போதைய நிறுவனங்கள் புதியவருக்குப் பையும் பேனாவும் கொடுத்து வரவேற்கின்றன. அன்று கடனைக் கொடுத்து வரவேற்றார்கள். பை கிழிந்துபோகும், கடன் கிழியாது.

வழி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் தம்புள்ளை, பிறகு மாத்தளை. முழுக்க நடை. காய்ச்சலும் வாந்திபேதியும் கூடவே நடந்தன. 1840களில் வந்தவர்களில் 70,000 பேர் மாண்டிருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் கணக்குப் போட்டது. அது மிகை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கழிவு கேட்டார்கள். கழித்த பிறகு மிஞ்சுவதும் சிறிய தொகை அல்ல. உயிரோடு மாத்தளையில் கால் வைத்தவர்கள் தங்கள் வரவை முதலில் துரையிடமா முத்துமாரியம்மனிடமா பதிந்திருப்பார்கள் என்பதை, மாசி மகத்துக்கு ஐந்து தேரும் தெருவுக்கு வரும்போது பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி மடியில் இருந்த துண்டு. பஸ்ஸில் சீட்டுக்குப் போடுகிற துண்டு அல்ல, ஆனால் வேலை அதேதான். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், யார் அதைக் கட்டுகிறாரோ அவரிடம் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார். ஆள் இல்லாமல் தவிக்கும் அந்தத் துரை பழைய கடனைக் கட்டி, மேலே கொஞ்சம் கங்காணிக்கும் கொடுப்பார். மொத்தமும் ஆட்களின் கணக்கில் ஏறும். அடுத்த தோட்டத்தில் மறுபடியும் ஏறும். தொழிலாளி கொழுந்துக் கூடையைக் கீழே வைக்காமலே அவர் விலை கூடிக்கொண்டு போகும். அவர் கைக்கு ஒரு சதமும் வராது. அடுத்த தோட்டத்தான் ஆளைக் கொத்திக்கொண்டு போகிறான் என்று தோட்டத் துரைமார் சங்கம் ஓயாமல் புலம்பியது. எங்கள் சங்கக் கூட்டத்திலும் போனமுறை இதே புலம்பல்தான், தேநீர் மட்டும் தேவலை.

முன்னறிவித்தல் கொடுக்காமல் போனவரை 1865ஆம் வருடச் சட்டம் மூன்று மாதம் வரை மறியலுக்கு அனுப்பலாம். விலகல் நேர்காணல் நீதவான் முன்னிலையில் நடந்தது. துண்டு 1921இல்தான் ஒழிந்தது.

தினப்படி நிர்வாகம் பிரட்டுக்களத்தில். இருட்டோடு தப்பு ஒலிக்கும். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்திலிருந்து வந்து வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பெயர்ப் பதிவேடான செக்ரோலை மடக்கிப் பிடித்திருப்பார், பென்சில் காதில். வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குப் பென்ஸ் காசு உண்டு. ஆகவே காய்ச்சல்காரரின் காம்பராக் கதவைத் தட்டிச் சுகம் விசாரிக்க அவர் தவறுவதே இல்லை. ஊழியர் நலன் என்பதன் தொடக்கம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். மாலையில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்: முழுநாள் வேலை, அரைநாள் சம்பளம்.

ஆட்குறைப்பையும் சொல்லியாக வேண்டும். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டு விழுந்தது. பூஞ்சணத்தின் பெயர் ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ். துரைமார் அதை நாசகாரி எமிலி என்று செல்லமாக அழைத்துக்கொண்டே திவாலானார்கள். ஆட்களும் வேலை இழந்தார்கள். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது; மேலே சொன்ன கொழுந்து அதனுடையதுதான். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல், கோப்பி மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து.

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு தகரச்சீட்டு வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லை, கழுத்தில் கட்டக் கயிறு. பெயர் இல்லை, எண் போதும். 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் கந்தோரே திறந்துவிட்டது. கழுத்தைப் பார்த்தால் ஆள் எந்தத் தோட்டத்துக்கு, செலவு யார் கணக்கில் என்பது தெரிந்துவிடும். வாய் திறந்து கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவையும் செயலாளரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நல்ல விஷயம் ஒன்றும் இல்லையே" என்றார். பிறகு அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: அடுத்த கூட்டத்துக்கு வரும் அங்கத்தவர்கள் இலக்கமிட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலை எட்டரைக்கு வரவும். அதற்கும் கீழே நான் ஒன்று எழுதினேன். அச்சில் வருமோ தெரியாது: பிந்தி வருவோருக்கு அரைப்பேர்.