மேம்பாலத்தடித் திணை: ஓர் ஆய்வு

கார்காலத்துக்கு உரிய திணை முல்லை. வினை முடித்த தலைவன் தேரேறித் திரும்புவான், தலைவி ஆற்றியிருப்பாள். சென்னைத் தலைவனும் மாலை ஆறரைக்கு வினை முடித்து வண்டியைக் கிளப்பத்தான் செய்கிறான். ஆனால் பாகனும் அவனே, நனைபவனும் அவனே. அதனால் ‘இருத்தல்’ என்ற உரிப்பொருள் வீட்டைவிட்டு நகர்ந்து மேம்பாலத்தின் அடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இலக்கணம் இதைக் கண்டுகொள்ளாத குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் பொழுது. உரையாசிரியர்கள் கார் என்று வகுத்தது ஆவணி, புரட்டாசி. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுவதால், இத்திணைக்கு ஐப்பசி, கார்த்திகையே பொருந்தும். சிறுபொழுது மாலை என்பதில் மட்டும் முன்னோர் கூற்றை மறுக்க இடமில்லை. கருப்பொருள்களில் உணவு டீ, பறை ஹாரன்.

திணையின் மையச் சிக்கல் ரெயின்கோட். அது பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. முதல் துளி ஹெல்மெட் கண்ணாடியில் விழும்போது, “தூறல்தானே” என்கிறான் தலைவன். அடுத்த சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரைப் பார்க்கிறான். அவர் கோட்டு மாட்டவில்லை. எனவே இவனும் மாட்டுவதில்லை. அவர் மாட்டாததற்குக் காரணம், அவரும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிய பிறகே இருவரும் ஒதுங்குகிறார்கள். நனைந்த சட்டைக்கு மேல் காற்றுப் புகாத கோட்டைப் போட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. வியர்வையும் கூடச் சேரும். ஆகவே ரெயின்கோட் ஈரத்தைத் தடுக்கும் கருவி அன்று, பாதுகாக்கும் கருவி என்பது நம் துணிபு.

கோட்டின் கால்சட்டைப் பகுதி தனி ஆய்வுக்குரியது. ஷூவைக் கழற்றினால் நிற்கத் தரை ஈரம். கழற்றாவிட்டால் குதிகால் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு கையால் வண்டியின் கண்ணாடிக் கம்பியைப் பிடித்து, ஒற்றைக் காலில் தத்தி, ஒருவழியாக இரண்டாவது காலையும் நுழைத்து நிமிரும்போது, சட்டைப்பையில் செல்போன் அடிக்கும். “எங்கே இருக்கீங்க?” என்று தலைவி கேட்பாள். “வந்துட்டே இருக்கேன்” என்பதே மரபான விடை.

இனி இயற்பியல். பெரிய மழைத்துளி வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டியோ வினாடிக்கு 11 மீட்டர் முன்னேறுகிறது. ஓட்டுபவருக்கு மழை மேலிருந்து வருவதைவிட எதிரிலிருந்துதான் அதிகம் வருகிறது. நெஞ்சும் தொடையும் வாங்குகின்றன. பின்னால் இருப்பவர் நனையாத குரலில், “அவ்வளவா மழை இல்லையே” என்கிறார்.

மழையை முந்திவிடலாம் என்று முறுக்கும் பிரிவினரும் உண்டு. மழை தொடங்கிய சில நிமிடங்களில்தான் சாலையின் தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு குழைந்து மிக வழுக்கும். அவர்கள் வேகமெடுப்பதும் சரியாக அப்போதுதான். சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலோ பாதாளச் சாக்கடை மூடியின் மேலோ பிரேக் பிடித்தவர்கள் இது குறித்து மேலும் விளக்கக்கூடும். இன்னொரு பிரிவினர் துரைசாமி சுரங்கப்பாதைத் தண்ணீரின் ஆழத்தை வண்டியை விட்டே அளக்கிறார்கள். நடுவில் நின்றுபோன வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டை அமுக்குவது ஆய்வுமுறை ஆகாது. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடுதான் வளையக்கூடும். தள்ளிக்கொண்டு வருவதே முறை.

மறுநாள் பளீரென்று வெயில் அடித்தாலும் மழை முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. சீட்டின் மேலுறையைத் துடைத்தாயிற்று. தையல் விட்ட இடத்தின் வழியே உள்ளே போன தண்ணீரை ஸ்பாஞ்சு இரவெல்லாம் வைத்திருக்கிறது. உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அதைத் திருப்பித் தருகிறது. அலுவலகத்தில் அன்று தலைவன் சுவரோரமாகவே நடப்பான்.

ஆய்வின் பயனாக ஒரு விண்ணப்பம். பாலத்தடியில் ஒதுங்குவோர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பஸ் போக வழி விடுங்கள். கோட்டு மாட்டி முடித்தவர்கள் தயவுசெய்து கிளம்புங்கள். வெளியே ஒருவர் நனைந்துகொண்டு நிற்கிறார்.