அவுட்பாக்ஸ் வைத்தியர்

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு. திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியலில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ஆனால் மெர்ச்சண்டைசர் பெண் “மெயில் போக மாட்டேங்குது” என்று முனகினால் போதும், நூல் கணக்கை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பார்.

“தள்ளுங்க அம்மிணி, நான் பாக்கறேன்.”

திரையில் அவுட்லுக் ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டிருக்கும். என்ன கோளாறு என்று அதிலேயே எழுதியிருக்கும். வைத்தியர் முதல் வேலையாக ஓகே அழுத்தி அதை மூடுவார். நோயாளி வாயைத் திறந்தால் அவருக்குப் பிடிக்காது.

அடுத்து மோடம். வயரைப் பிடுங்கிப் பத்து வரை எண்ணி மறுபடி சொருகுவார். பாதி போட்ட இ-வே பில் போச்சே என்று பில்லிங் பையன் தலையில் கை வைப்பான். “மெயில் வருதுங்களே, போகத்தானே மாட்டேங்குது?” என்று அந்தப் பெண் கேட்டால், “வர்றது போகாதுங்களா?” என்பார். வருவது ஐமேப், பெரும்பாலும் 993 போர்ட். போவது எஸ்எம்டிபி, அதற்கு வேறு போர்ட். ஒன்று ஓடும், இன்னொன்று படுத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவரிடம் யார் சொல்வது?

அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுவார். வந்துகொண்டிருந்த மெயிலும் நின்றுவிடும். நடுநடுவே பேக்கிங் லிஸ்டை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்ப்பார். அவுட்பாக்ஸில் ஏழு பிரதி சேர்ந்திருக்கும்.

“விடுங்க, சர்வர் டவுன். நாலஞ்சு நாள் அதுவே முயற்சி பண்ணும்.” இது பாதி உண்மை. பெறுபவரின் சர்வர் படுத்திருந்தால், நம் சர்வர் மெயிலை வரிசையில் வைத்து நான்கைந்து நாள் முயல வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் மெயில் நம் சர்வருக்கே போய்ச் சேரவில்லையே! கம்ப்யூட்டரை அணைத்தால் அதுவும் கூடவே தூங்கும்.

சாயங்காலம் சிஸ்டம்ஸ் தம்பி டூவீலரில் வருவான். கறுப்புத் திரையில் டெல்நெட் போட்டு, சர்வர் பெயரையும் 25-ஐயும் அடிப்பான். பதிலே வராது. 587-க்கு மாற்றி அடிப்பான்; 220 என்று சர்வர் உடனே வணக்கம் சொல்லும். ஸ்பாமைத் தடுக்க, பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருக்கின்றன. நம் மெயிலை நம் சர்வரிடம் ஒப்படைக்க 587-ஐ 1998-லேயே ஒதுக்கியாயிற்று. செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றி, குறியாக்கத்தையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்தால் வேலை முடிந்தது. போன வாரம் இணைய லைனை மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. மலிவாக இருக்கிறதென்று அந்த லைனைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டாம். அவரே பக்கத்தில் நிற்கிறார்.

“நானும் அதத்தானுங்க காலைல இருந்து சொல்றேன்.”

ஏழு பேக்கிங் லிஸ்டும் வரிசையாகப் பையருக்குப் போகும். ஏழு கன்டெய்னரா என்று அவர் கேட்பார்.

அடுத்த முறை அந்தப் பெட்டி வந்தால், தயவுசெய்து உடனே செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஸ்டோர்ஸிலிருந்து அவர் நடந்து வர அரை நிமிடமாவது ஆகும்.